தாய்மாமன் தாடையில் ஒரு கண்

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. 5.30-க்கு எழுந்தேன். அன்று குழாயில் தண்ணீர் விடும் முறை. 5.45 முதல் 7.10 வரை இரண்டு டிரம், நான்கு குடம், ஒரு பெரிய அண்டா நிரப்பினேன். சிறுவாணியோ பில்லூரோ, எந்த அணையிலிருந்து வந்தாலும் குழாயில் வருவது எங்களுக்கு நல்ல தண்ணீர். போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். இரண்டையும் நான் ஒரு நாளும் கலப்பதில்லை. 7.20-க்கு காபி. 8.15-க்கு இட்லியும் தக்காளிச் சட்னியும்; கணவருக்கு ஆறு, எனக்கு நான்கு. 9.00 மணிக்குத் துணி துவைத்து முடித்தேன். வானம் மூட்டமாக இருந்ததால் பாதித் துணியை மொட்டை மாடியிலும் பாதியை வராந்தாவிலும் காயப்போட்டேன். 9.40-க்கு சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, பழைய காலண்டர் தாளை விரித்து, என் பொம்மையை எடுத்து அதன் நடுவில் நிறுத்தினேன்.

இதுவரை எழுதியது அப்படியே டைரியில் இருக்கிறது. அதற்குப் பிறகு அன்றைய பக்கத்தில் "11.02 மாமா, அத்தை. கண்." என்று மட்டும்தான் இருக்கிறது. எழுத நேரமில்லாமல் போன மீதியை இப்போது எழுதுகிறேன்.

சிங்காநல்லூரில் ஒரு நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். நூலின் பருமனைச் சொல்லும் நம்பரையும் முறுக்கையும் அளப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிளாஸ்டிக் பொம்மை செய்கிறேன். கடையில் விளையாட வாங்கும் பொம்மை அல்ல. கை, கால், தலை, முடி எல்லாம் தனித்தனித் துண்டுகளாகப் பெட்டியில் வரும். வெட்டி, தேய்த்து, பொருத்தி, வர்ணம் அடிக்க வேண்டும். அன்று மேஜை மேல் நின்றது ஒரு சாண் உயரமுள்ள வாள் ஏந்திய பெண். உடை, கவசம், முடி எல்லாம் முடிந்துவிட்டன. கண் மட்டும் இல்லை. கண்ணில்லாத முகத்தோடு அவள் மூன்று வாரமாக எங்கள் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கணவர் அந்தப் பக்கம் பார்க்காமலே விபூதி எடுத்துக்கொண்டிருந்தார்.

இத்தகைய பொம்மைகளுக்குக் கண்ணை வரைவதில்லை, ஒட்டுவார்கள். டீக்கால் என்று சொல்வோம். காகிதத்தின் மேல் அச்சிட்ட மெல்லிய படலம் அது. ஒரு கண்ணை வெட்டி எடுத்துத் தண்ணீரில் பதினைந்து நொடி நனைத்தால் பசை இளகும். காகிதத்தை முகத்தருகே கொண்டுபோய் பிரஷ் நுனியால் தள்ளினால், படம் வழுக்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்காரும். பஞ்சால் ஒற்றி, அடியில் இருக்கும் தண்ணீரையும் காற்றையும் வெளியேற்ற வேண்டும். காய்ந்த பிறகு மேலே வார்னிஷ் தெளித்து மூடிவிட்டால், ஒட்டியது என்றே தெரியாது. உப்புத் தண்ணீரில் நனைத்தால் வெள்ளைக் கறை படியும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று மாட்டிக்கொண்டு பாலாடை போல் வெளுக்கும். அதிக நேரம் ஊறவிட்டால் படம் காகிதத்தை விட்டுக் கழன்று தண்ணீரில் தனியாக மிதக்கும். இந்த மூன்றில் முதல் இரண்டும் எனக்கு முன்பே தெரியும்.

இரண்டாவதை நான் கற்றுக்கொண்டது அக்டோபர் மாதக் கூட்டத்தில். என்னைப் போல பொம்மை செய்கிற ஒன்பது பேரும் நானும் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஒரு பேக்கரி மாடியில் கூடுவோம். செய்ததை மேஜையில் வைத்தால் மற்றவர்கள் சுற்றி வந்து பார்ப்பார்கள். அவர்களில் ஒருவர் கோட்டைமேட்டிலிருந்து வரும் கடிகார பாய். கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர். கண்ணில் மாட்டும் அந்தக் குட்டி லென்ஸை மாட்டிக்கொண்டுதான் எதையும் பார்ப்பார். போன மாதம் இதே பெண்ணை வைத்தேன். பாய் குனிந்து இரண்டு நிமிடம் பார்த்தார். பிறகு லென்ஸைக் கழற்றிவிட்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்திருக்குதுங்க."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. "இப்பல்லாம் ஆபரேசன் சுலபங்க. காலைல போனா சாயந்தரம் ஊட்டுக்கு வந்துரலாம்," என்று ஆறுதல் சொன்னார். அதற்கு இன்னும் சிரித்தார்கள்.

வேலையிடத்தில் நான் மற்றவர்களின் நூலைத் திருப்பி அனுப்புகிறவள். என் பொம்மையை ஒருவர் திருப்பி அனுப்பியது எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் பாய் லென்ஸ் வழியாகப் பார்த்துவிட்டு, "புரை இல்லீங்க" என்று சொல்ல வேண்டும். ஒரு மாதமாக எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பழைய கண்களைச் சுரண்டி எடுத்தேன். முகத்தைத் தேய்த்து, பளபளப்பு வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்து இரண்டு நாள் காயவிட்டேன். இந்த முறை கண்ணாடி போன்ற பரப்பில் கண் உட்காரப் போகிறது.

ஆனால் கண்கள் குறைவாக இருந்தன. தாளில் மூன்று ஜோடிகள் வரும்: நேராகப் பார்ப்பவை, அவளுடைய இடப் பக்கம் பார்ப்பவை, வலப் பக்கம் பார்ப்பவை. நேர்ப் பார்வை புரை விழுந்து போயிற்று. இடப் பார்வையில் ஒன்று, நான் பழகிப் பார்த்தபோது கிழிந்தது, ஒன்று மிச்சம். முழு ஜோடியாக இருந்தது வலப் பார்வை மட்டும்தான். அதில் ஒன்று போனாலும் அவளுக்கு ஒரு கண் வலமும் ஒரு கண் இடமும் பார்க்கும். புரையைவிட அது மோசம்.

வழக்கமாக ஊறுகாய் பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்துத்தான் நனைப்பேன். அன்று மூடியைக் காணவில்லை. (பிறகு தெரிந்தது, கணவர் அதை எடுத்து ஊறுகாய் பாட்டிலை மூடியிருக்கிறார்.) அதனால் ஓர் எவர்சில்வர் டம்ளரில் அன்று காலை பிடித்த நல்ல தண்ணீரை ஊற்றி வைத்துக்கொண்டேன்.

10.48-க்கு முதல் கண்ணை நனைத்தேன். 10.51-க்கு அது முகத்தில் உட்கார்ந்தது. கத்தரிப்பூ நிறம், மேலே நீண்ட இமைமுடி, கருவிழியில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். துவரம்பருப்பு அளவுதான். ஒற்றி முடித்து என் கை லென்ஸில் பார்த்தேன். அடியில் ஒரு குமிழும் இல்லை. 11.01-க்கு இரண்டாவது கண்ணை இடுக்கியில் பிடித்தபடி டம்ளரில் முக்கினேன். அப்போது வாசலில் கார் கதவு சாத்தும் சத்தமும், "ஏனுங்க, ஊட்ல இருக்கறீங்களா?" என்ற குரலும் கேட்டன.

தாராபுரத்திலிருந்து என் தாய்மாமனும் அத்தையும். மாமாவின் குரல் கேட்டதும் கை தானாக இடுக்கியைக் கீழே வைத்துவிட்டது. இடுக்கியிலிருந்த காகிதம் டம்ளருக்குள் போயிற்று. நான் கை கழுவிக்கொண்டு புடவையைச் சரிசெய்ய உள்ளே ஓடினேன். அது இரண்டு நிமிட வேலை.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரிடம் உட்காரச் சொல்வதற்கும் முன்னால் தண்ணீர் கொடுக்க வேண்டும். என் கணவர் அந்த விஷயத்தில் யாரும் குறை சொல்ல முடியாதவர். மாமா உள்ளே வந்து செருப்பைக் கழற்றும்போதே, "மாப்ளை, கோயமுத்தூர்த் தண்ணி குடிச்சு மாசக்கணக்காச்சு. அதுக்குத்தானே வாரோம்" என்றாராம். சமையலறைக்குப் போய்க் குடத்திலிருந்து எடுப்பதற்குள் மாமா காத்திருக்க வேண்டுமே என்று, மேஜையில் நிறைந்து நின்ற டம்ளரை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

நான் வெளியே வந்தபோது மாமா அண்ணாந்து டம்ளரை உயரத் தூக்கி, வாய் படாமல் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். கடைசி மடக்கு. கொஞ்சம் தண்ணீர் உதட்டோரமாக வழிந்து தாடைக்குப் போயிற்று. டம்ளரைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் மீசையை மட்டும் ஒற்றிக்கொண்டார்.

"என்ன அம்மணி, நல்லா இருக்கறயா?"

"நல்லா இருக்கறனுங்க மாமா. வாங்க, வாங்க அத்தை," என்றேன். என் கண் டம்ளருக்குப் போயிற்று. அடியில் வெறும் காகிதம் ஒட்டியிருந்தது. கண் இல்லை.

பிறகு மாமா ஜன்னல் பக்கம் திரும்பினார். அவருடைய இடது தாடையிலிருந்து, நீண்ட இமையோடு, ஒரு கத்தரிப்பூ நிறக் கண் என் கணவரைப் பார்த்தது.

மாமா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. விசேஷத்துக்கு அழைக்க வருவதால் அன்று காலைதான் சவரம் செய்திருந்தார். தாடை மழமழவென்று இருந்தது. நான் இரண்டு நாள் வார்னிஷ் பூசிக் கொண்டுவந்த வழவழப்பு அவருக்கு நாவிதர் கடையில் பத்து நிமிடத்தில் கிடைத்திருக்கிறது. கண் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஒரு குமிழ் இல்லை.

நான் வாய் திறக்கப் போனேன். அதற்குள் அத்தை தாம்பாளத்தை எடுத்துவிட்டார். பழம், பூ, வெற்றிலை, மேலே பத்திரிகை. புது வீடு கட்டி முடித்துவிட்டார்கள். கார்த்திகையில் குடி போகிறார்கள். நானும் கணவரும் கிழக்குப் பார்த்து நின்று, இரண்டு பேரும் கை சேர்த்து வாங்கிக்கொண்டோம். "குடும்பத்தோட முதல் நாளே வந்துரோணும்," என்றார் மாமா. "வந்தர்றோமுங்க," என்றார் கணவர், தாடையிடம்.

அவரும் பார்த்துவிட்டார்.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு பலரும் கேட்டார்கள். மூன்று காரணங்கள். ஒன்று, தாய்மாமனிடம், அதுவும் பத்திரிகையோடு வந்து நிற்கும்போது, "உங்க மூஞ்சில என்னமோ ஒட்டியிருக்குது" என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. இரண்டு, நான் பொம்மைக்குக் கண் நனைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்திருக்கிறோம் என்று தெரிந்தால் எங்களுக்கு அதைவிட அவமானம் வேறில்லை. தண்ணீரில் வேறு எதுவும் கலக்கவில்லை, டீக்கால் பசை கஞ்சி மாதிரிதான் என்பதை அந்த நேரத்தில் எப்படி விளக்குவது? மூன்றாவதுதான் நிஜமான காரணம். சொன்னால் மாமா உடனே துண்டை எடுத்து அழுத்தித் துடைத்துவிடுவார். என் கண் போய்விடும்.

ஆகவே, துடைக்க விடாமல் பார்த்துக்கொள்வதே என் வேலையாயிற்று. மாமா துண்டைத் தொடும்போதெல்லாம் நான் எதையாவது கையில் கொடுத்தேன். பழம் கொடுத்தேன். பத்திரிகையையே திருப்பிக் கொடுத்து, "முகூர்த்தம் எத்தனை மணிக்குங்க மாமா, படிச்சுச் சொல்லுங்க" என்றேன். கண்ணாடி போட்டிருந்த என்னைப் பார்த்துவிட்டு அவர் படித்துச் சொன்னார். அத்தை அவருக்கு வலப் பக்கம் உட்கார்ந்திருந்ததால் இடது தாடையைப் பார்க்கவில்லை. டிரைவர் ஓட்டும் காரிலும் பின் சீட்டில் அவருக்கு வலப் பக்கம்தான் உட்காருவார்.

"சரி, பன்னண்டுக்குள்ள இன்னும் நாலு ஊடு போகோணும். அடுத்தாப்ல நம்ம சம்பந்தி ஊடு," என்று மாமா எழுந்தார். 11.20-க்குக் கார் புறப்பட்டது. வாசலில் கணவர் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். கார் திரும்பியதும் நான் அவரைப் பார்த்தேன்.

"நான் தண்ணிதானே குடுத்தேன்," என்றார்.

"அதுல கண்ணு இருந்துதுங்க."

"குடிக்கற டம்ளர்ல எதுக்கு புள்ள கண்ணு?"

"ஊறுகா மூடியக் காணோமுங்க."

"ஊறுகா மூடி ஊறுகாயிலதானே இருக்குது!" என்று அவர் கத்தினார்.

மாமாவின் சம்பந்தி வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி. மாமா மகனுக்கு அந்த வீட்டுப் பெண்ணைத்தான் எடுத்திருக்கிறார்கள். ஒரு சாப்பாட்டு டப்பாவில் பிரஷ், இடுக்கி, ஈரப் பஞ்சு, ஒரு சிறு பாட்டில் நல்ல தண்ணீர் எல்லாம் வைத்து, மேலே ஒரு முழம் மல்லிகைப் பூவை வைத்து மூடினேன். அத்தைக்குப் பூ கொடுக்க மறந்துவிட்டேன் என்பது சாக்கு. ஸ்கூட்டியில் 11.31-க்கு அங்கே போய்ச் சேர்ந்தேன்.

மாமா அங்கே கூடத்தில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரில் சம்பந்தி, அவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா மாமாவின் காலுக்குக் கீழே தரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் பார்த்துவிட்டார்கள் என்பது எனக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. சம்பந்தியிடம் சொல்வது என்பது தாய்மாமனிடம் சொல்வதைவிடப் பல மடங்கு நடக்காத காரியம். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் மின்விசிறியைத்தான் பார்ப்பேன்.

பார்த்த திகைப்பில் தண்ணீர் கொடுக்கவே மறந்திருந்த சம்பந்தியம்மா, அதைக் கொண்டுவரப் போகிற சாக்கில் என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"ஏனம்மணி, மாமா தாடையில வெச்சிருக்கறது திருஷ்டிக்குங்களா?" என்று காதோடு கேட்டார். "புது ஊடு கட்டியிருக்கறாங்க, நாலு பேர் கண்ணு படும். நல்லதுதான். கோயில்ல குடுத்ததுங்களா, இல்ல கடையில கிடைக்குதுங்களா? நம்மளுக்கும் ஒண்ணு வேணுமுங்க."

"அது வந்துங்க..." என்று தொடங்கினேன். அதற்குள் அவர் டம்ளரோடு கூடத்துக்குப் போய்விட்டார்.

மாமா இங்கேயும் அண்ணாந்து குடித்தார். இங்கேயும் கடைசி மடக்கு வழிந்தது. காய்ந்த டீக்கால் தண்ணீர் பட்டால் மறுபடி இளகும் என்பது எனக்குத் தெரியும். கண்ணால் பார்த்தது அன்றுதான். கண் மெதுவாகத் தாடையை விட்டு இறங்கி, ஒரு நொடி தயங்கி, தொண்டையில் போய் நின்றது.

மாமா பேசத் தொடங்கினார். கார்த்திகை மழையைப் பற்றி, சிமெண்ட் பூச்சு காய்வதைப் பற்றி. அவர் பேசப் பேசத் தொண்டைக் குமிழ் ஏறி இறங்கியது; கண்ணும் ஏறி இறங்கியது. எச்சில் விழுங்கினால் கண் மேலே போய் எங்களைப் பார்த்துவிட்டுக் கீழே வந்தது. சம்பந்தி மின்விசிறியை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. இருமுவது போல வெளியே போய்விட்டார்.

நான் கணக்குப் போட்டேன். முதல் வீட்டில் தாடை. இரண்டாவதில் தொண்டை. மூன்றாவது வீட்டில் தண்ணீர் குடித்தால் கண் சட்டைக் காலருக்குள் போய்விடும். அப்புறம் மாமாவின் சட்டைக்குள் யார் தேடுவது? இங்கேயே எடுத்தாக வேண்டும். அத்தையைப் பூ வைத்துவிடுவதாகச் சொல்லி உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போய், பூவை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டம்ளர், ஊறுகாய் மூடி, பாய், புரை எல்லாம்.

அத்தை தலையைத் திருப்பாமல் கேட்டார். பூ வைத்து முடிந்ததும் நேராகக் கூடத்துக்குப் போனார்.

"ஏனுங்க, தலைய நாற்காலில சாச்சு நிமித்துங்க."

"எதுக்கு?"

"நிமித்துங்கன்னா நிமித்துங்க. வாயத் தொறக்காதீங்க. எச்சக்கூட முழுங்கக் கூடாது."

மாமா ஊரில் பத்துப் பேரை அதட்டுகிறவர். அத்தை சொன்னதும் தலையைச் சாய்த்துவிட்டார். அத்தை தன் இரு கைகளாலும் அவர் தலையை இறுக்கிப் பிடித்தார். நான் டப்பாவைத் திறந்து, பிரஷை நனைத்து, கண்ணைச் சுற்றிலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வைத்தேன். சம்பந்தியம்மா டார்ச் அடித்தார். இருபது நொடி காத்திருந்தேன். மெல்லத் தள்ளினேன். அசைந்தது.

"பல்லா புடுங்கறே அம்மணி?" என்றார் மாமா, உதட்டை அசைக்காமல்.

"இல்லீங்க மாமா. கண்ணு."

"இப்பத்தான் எடுக்கறயா? நானும் உங்க ஊட்லருந்தே பாக்கறேன்."

என் கை நின்றுவிட்டது. "உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தண்ணிலயே பாத்துட்டேன். வாயி பக்கம் வரையில உதட்ட மூடிக்கிட்டேன். தாடைல சில்லுன்னு ஒட்டுச்சு. என்னமோ சோத்துப் பருக்கைன்னு நெனச்சேன். மாப்ளை ஆசையாக் குடுத்த தண்ணி. அதுல பருக்கை கெடக்குதுன்னு சொன்னா அவரு மனசு என்ன பாடு படும்? அதான் தொடைக்கலை. தொடைச்சாக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும்."

நான் துடைக்க விடாமல் பழமும் பத்திரிகையும் கொடுத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், அவர் துண்டைத் தொடுவதும் விடுவதுமாக இருந்தது அதனால்தான். நாங்கள் அவர் மனம் நோகக் கூடாதென்று இருந்தோம். அவர் எங்கள் மனம் நோகக் கூடாதென்று முக்கால் மணி நேரமாகச் சோற்றுப் பருக்கையைத் தாடையில் சுமந்துகொண்டு சம்பந்தி வீடு வரை வந்திருக்கிறார்.

11.52-க்குக் கண் பிரஷ் நுனியில் வந்தது. டப்பா மூடியில் ஊற்றி வைத்திருந்த தண்ணீரில் விட்டேன். கிழியவில்லை, மடியவில்லை. மூடியில் மிதந்தபடி எங்களைப் பார்த்தது. மாமா தலையைத் தூக்கிக் குனிந்து பார்த்தார்.

"இதென்ன, பொம்பளைக் கண்ணா இருக்குது!"

சம்பந்தியம்மாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாங்க திருஷ்டிக்குன்னு நெனச்சோமுங்க," என்று சிரிப்புக்கு நடுவில் சொன்னார். வெளியே போயிருந்த சம்பந்தியும் வாசலில் நின்று சிரித்தார். அத்தை டம்ளரிலிருந்து பாய் சொன்ன புரை வரைக்கும் அவருக்குச் சொன்னார். மாமா சிரிக்கவில்லை. யோசித்தார்.

"இந்த மாதிரி இன்னும் இருக்குதா அம்மணி?"

"ஒண்ணு இருக்குதுங்க. ஆனா அது இடப் பக்கம் பாக்குமுங்க."

"நம்ம புது ஊடு கெழக்குப் பாத்தது. வாசல் நெலவுல ஒட்டுனா அது எந்தப் பக்கம் பாக்கும்?"

நான் எழுந்து கிழக்குப் பார்த்து நின்று சரிபார்த்தேன். "வடக்குங்க மாமா."

மாமாவின் முகத்தில் அன்று முதல்முறையாக வெளிச்சம் வந்தது. அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். "வடக்கால ஊட்டுக்காரன் மூணு மாசமா மாடில நின்னு நம்ம ஊட்டையே பாத்துட்டு இருக்கறான்," என்றார் மாமா. "அதையே எனக்குக் குடுத்துரு." பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, பாய்கிட்டப் போயிட்டு என்னாச்சுன்னு எனக்குச் சொல்லோணும். நம்ம தாடைல இருந்து போனது. அதுல கொறை இருக்கக் கூடாது."

12.20-க்கு வீட்டில் கண்ணை அதன் இடத்தில் உட்கார வைத்தேன். இரண்டு கண்ணும் ஒரே திசையில் பார்த்தன. எப்போதும் வார்னிஷ் அடிப்பதற்கு முன் ஓர் இரவு முழுக்கக் காயவிடுவேன். அன்று மூன்று மணி நேரம்தான் இருந்தது. கணவர் குற்ற உணர்வில் மேஜை மின்விசிறியை எடுத்துவந்து, பொம்மைக்கு நேராக மூன்று மணி நேரமும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாற்காலி மேல் வைக்கலாமே என்றேன். "வேண்டாம், சாயும்," என்றார். 3.25-க்கு மாடியில் தூறல் விழுந்தது. ஈரக் காற்றில் வார்னிஷ் தெளித்தால் பனி படர்ந்தது போல் ஆகிவிடும். தூறல் விட்ட எட்டு நிமிடத்தில், துணிகளுக்கு நடுவில் நின்று, ஒரு கையளவு தூரத்திலிருந்து இரண்டு வீச்சு தெளித்தேன். அவசரத்தில் லென்ஸில் பார்க்கவில்லை. அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

5.10-க்கு பேக்கரி மாடியில் பொம்மையை மேஜையில் வைத்தேன். பாய் லென்ஸை மாட்டினார். மற்றவர்கள் பப்ஸைக் கையில் வைத்தபடி கூடி நின்றார்கள். அவர் இடது கண்ணைப் பார்த்தார். வலது கண்ணைப் பார்த்தார். பொம்மையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். மறுபடி வலது கண்ணுக்கு வந்தார். அங்கே வெகு நேரம் இருந்தார். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"புரை இல்லீங்கக்கா," என்றார்.

நான் மூச்சு விட்டேன்.

"சுத்தமா இருக்குது. உள்ள காத்தே இல்ல. வரைஞ்ச மாதிரி இருக்குதுங்க. ஆனா..." லென்ஸை மறுபடி மாட்டிக்கொண்டார். "இமைக்குப் பக்கத்துல, வார்னிசுக்கு அடியில, ஒரு ரோமம் இருக்குதுங்க. சின்னது. வெள்ளையா, மொரட்டு ரோமம். ஊட்ல பூனை வளக்கறீங்களாக்கா?"

லென்ஸை வாங்கிப் பார்த்தேன். இமைமுடி வரிசையின் ஓரத்தில், மற்ற முடிகளோடு முடியாக, காலையில் நாவிதருக்குத் தப்பிய ஒன்று, கால் மில்லிமீட்டர் நீளத்தில் படுத்திருந்தது.

"பூனை இல்லீங்க பாய்," என்றேன். "எங்க தாய்மாமனோடதுங்க."

ஒன்பது பேரும் பப்ஸைக் கீழே வைத்தார்கள். பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். தொண்டைக் குமிழுக்கு வரும்போது பாய் லென்ஸைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். போன மாதம் சிரிக்காத மனிதர் தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் பையிலிருந்து ஒரு நுண்ணிய பிளேடை எடுத்து, "வேணும்னா கீறி எடுத்துரலாங்கக்கா, அடையாளமே தெரியாது," என்றார்.

வேலையில் நான் ஒரு நூலில் இந்த அளவு தூசி இருந்தாலும் விடமாட்டேன். பொம்மையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

"இருக்கட்டுமுங்க பாய். ஒட்டி, மூடி, எல்லாம் ஆயிருச்சு," என்றேன்.

திங்கட்கிழமை, 5.30-க்கு எழுந்தேன். பல் துலக்குவதற்கும் முன்னால் மேஜைக்குப் போய், மிச்சமிருந்த இடப் பார்வைக் கண்ணைத் தாளிலிருந்து ஓரம் விட்டு வெட்டி எடுத்தேன். சிங்காநல்லூரிலிருந்து முதல் தாராபுரம் பஸ்ஸில் போகும் தெரிந்தவரிடம் கொடுத்துவிட, அதை ஓர் உறையில் வைத்து, கூடவே ஒரு தாளில் எழுதினேன். 'மாமா, புரை இல்லை என்று பாய் சொல்லிவிட்டார். உங்கள் ரோமம் ஒன்று இருக்கிறது, இருக்கட்டும் என்று விட்டேன். வாசல் நிலையில் வார்னிஷ் பூசி இரண்டு நாள் காய்ந்த பிறகு ஒட்டவும். உங்கள் ஊர் அமராவதித் தண்ணீர் போதும். பதினைந்து நொடிதான் நனைக்கவும். காய்ந்த பிறகு மேலே ஒரு பூச்சு வார்னிஷ் கொடுக்கவும்.' பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, கடைசி வரியாக எழுதினேன்: 'டம்ளரில் நனைக்க வேண்டாம்.'